மாமாவின் நாற்காலி ஏன் முன்னால் நகர்ந்தது

பாளையங்கோட்டையில் மாமனார் வீட்டு ஹாலில் ஒரு பிரம்பு நாற்காலி உண்டு. தெற்குச் சுவரை ஒட்டி, ஜன்னலுக்குக் கீழே அதன் இடம். பேப்பர் படிப்பது, காப்பி குடிப்பது, பாட்டுக் கேட்பது எல்லாம் அதில்தான். போன தீபாவளிக்குப் போயிருந்தபோது அது ஹாலின் நடுவில், ஸ்பீக்கர்களுக்கு 5 அடி தூரத்தில் கிடந்தது. மாமா அதில் உட்கார்ந்து, உடம்பை லேசாக முன்னால் சாய்த்து, நாகஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏன் மாமா, இங்க இழுத்துப் போட்டிருக்கீங்க?" என்றேன். "இங்க இருந்தா நல்லாக் கேக்கு மாப்பிள்ளை" என்றார். அவ்வளவுதான். குறை சொல்லும் குரல் இல்லை. ஆனாலும் அந்த வார்த்தை என்னை மாதக்கணக்கில் விடவில்லை. ஏனென்றால் அந்த ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான்.

மாமா வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் சேரன்மகாதேவிப் பக்கம். காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தைச் சின்ன வயதில் நேரில் கேட்டவர். அருணாசலம் 1964இல், 43 வயதுக்குள் இறந்துபோனதைப் பற்றிப் பேசும்போது இன்றைக்கும் மாமாவின் குரல் மாறும். கைக்குப் பணம் வந்ததும் தனக்கென்று அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். கோயில் மண்டபத்தில் கேட்ட மாதிரி வீட்டில் ஒரு தடவை கேட்க வேண்டும். "நீங்க பார்த்துச் சொல்லுங்க, எனக்கு அதெல்லாம் தெரியாது" என்று என்னிடம் விட்டார். எனக்குத் தெரியும் என்று நானும் நம்பினேன். கல்லூரிக் காலத்தில் சென்னை ரிச்சி தெருவில் போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி, 4440 என்ற ஐசி சிப்பை வைத்து ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) கட்டியவன். ஆடியோ சமாச்சாரம் என்றால் ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன்.

காகிதத்தில் ஜெயித்த ஆம்ப்

கடைசியில் இரண்டு ஆம்ப்கள் மிஞ்சின. விலை ஏறக்குறைய ஒன்று. இரண்டும் 8 ஓமில் (ஓம் என்பது ஸ்பீக்கர் கரண்டைத் தடுக்கும் அளவு) இடது, வலது என்று சேனலுக்கு 40 வாட். ஒன்றின் டிஸ்டார்ஷன் 0.08 சதவீதம், இன்னொன்றினுடையது 0.005 சதவீதம். யோசிக்கவே இல்லை. 16 மடங்கு சுத்தமானது இருக்கும்போது மற்றதை எதற்கு வாங்குவது? ஸ்பீக்கருக்கு இவ்வளவு ஆராயவில்லை. நல்ல பெயருள்ள கம்பெனி, அடக்கமான பெட்டி, ஷெல்ஃபில் வைக்கலாம், அத்தைக்கும் பிடித்திருந்தது. அதன் தாளிலும் எண்கள் இருந்தன. அவற்றை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன்.

அந்த 0.005 என்ன சொல்கிறது என்பதைப் பிற்பாடு உட்கார்ந்து பார்த்தேன். ஆம்புக்குள் சுத்தமான ஒரு ஸ்வரத்தை அனுப்பினால், அதன் மடங்குகளில் வேண்டாத ஒலிகள் கொஞ்சம் கூடவே பிறக்கும். அந்தக் கலப்படத்தின் அளவுதான் டிஸ்டார்ஷன். 0.08 சதவீதம் என்றால் அந்தக் கலப்படம் மூல ஒலியைவிட 60 டெசிபலுக்கும் (டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு) கீழே இருக்கிறது. ஓடுகிற இசைக்கு அடியில் அதைக் காது பிடிக்காது. அதே நேரத்தில், எவ்வளவு நல்ல ஸ்பீக்கரானாலும் அடித்தொனியைச் சத்தமாக வாசிக்கும்போது அதுவே 1 சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும். நான் பெருமையாக வாங்கிய அந்தச் சுத்தம், ஸ்பீக்கர் என்ற வாசலைத் தாண்டி வெளியே வரவே வழியில்லை.

இந்த மயக்கம் எனக்கு மட்டும் வந்ததில்லை. ஆம்பின் வெளியீட்டில் ஒரு பங்கைத் தலைகீழாக உள்ளே திருப்பி அனுப்பினால் டிஸ்டார்ஷன் குறையும் என்று அமெரிக்கத் தொலைபேசி ஆய்வுக்கூடமான பெல் லேபைச் சேர்ந்த ஹரால்ட் பிளாக் 1927 ஆகஸ்டில், வேலைக்குப் போகும் படகில் வைத்து, கையிலிருந்த செய்தித்தாளிலேயே எழுதிப் பார்த்தார். தொலைபேசிக் கம்பிகளுக்காகக் கண்டுபிடித்த வழி அது. 1970களில் கம்பெனிகள் அதை வைத்து ஒரு பந்தயமே நடத்தின. 0.1, 0.05, 0.01 என்று விளம்பரத்துக்கு விளம்பரம் பூஜ்யங்கள் கூடின. 1987இல் ஸ்டீரியோ ரிவ்யூ பத்திரிகை, சில நூறு டாலர் ஆம்ப் முதல் பல ஆயிரம் டாலர் ஆம்ப் வரை வைத்து, எது ஓடுகிறது என்று சொல்லாமல், சத்த அளவைச் சரியாகச் சமப்படுத்திக் கேட்கச் சொன்னது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், பூவா தலையா போட்டுச் சொல்வதற்கு மேல் யாரும் தேறவில்லை. திணறாத எல்லைக்குள் ஓடும்வரை, ஒழுங்காகச் செய்த ஆம்ப்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஒலிக்கும்.

அப்படியானால் எண்களே வேண்டாம், காதால் கேட்டு வாங்கினால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. என் நண்பர்களில் பாதிப் பேர் அந்தக் கட்சி. எனக்கு அதிலும் உடன்பாடு இல்லை. ஷோரூமில் இரண்டு ஆம்பை மாற்றி மாற்றிப் போடும்போது ஒன்று 1 டெசிபல் கூட ஓடினாலே போதும், அதுதான் தெளிவாக, உயிரோடு இருக்கிறது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். சத்தம் கூட இருக்கிறது என்றே தோன்றாது. போதாததற்கு அங்கே கார்ப்பெட், திரை, மெத்தை வைத்த சோஃபா. நம் வீட்டிலோ டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், கான்கிரீட் கூரை. அங்கே கேட்டது இங்கே வந்து சேராது. காதை நான் நம்புகிறேன். ஆனால் கேட்கும் இடம் என் வீடாக இருக்க வேண்டும்.

அண்ணாச்சி கேட்ட கேள்வி

தைக்கு அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா ஊரிலிருந்து ஒரு அண்ணாச்சி பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். 40 வருஷமாக ரேடியோ செட் தொழில். சுற்றுவட்டாரத்தில் கோயில் கொடை, சடங்கு வீடு, கல்யாணம் எது நடந்தாலும் அவருடைய குழாய் ஒலிபெருக்கியைத்தான் கட்டுவார்கள். நானும் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். மாமா ஆசையாக, "தம்பி, ஒரு நிமிஷம் கேட்டுட்டுப் போ" என்று காருக்குறிச்சியாரின் பழைய பதிவு ஒன்றைப் போட்டார். அண்ணாச்சி நின்றபடியே கேட்டுத் தலையாட்டினார். பிறகு மாமா, சமீபத்தில் பதிவான ஒரு கச்சேரியைப் போட்டார். அதில் தவில் நன்றாக முன்னால் நிற்கும். தனி ஆவர்த்தனம் சூடு பிடித்ததும் மாமாவின் கை தானாகவே வால்யூமைக் குறைக்கப் போனது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பழைய பதிவுக்கு அவர் வால்யூமைக் கூட்டுகிறார், புதிய பதிவுக்குக் குறைக்கிறார். இத்தனை நாளில் நான் அதைக் கவனித்ததே இல்லை.

அண்ணாச்சி மாமாவின் கையைப் பிடித்து நிறுத்தினார். "அண்ணே, குறைக்காதீய. இருக்கட்டும்." தவிலின் வலந்தலை அடி விழும் இடமெல்லாம் "டங்" என்று தெறிக்க வேண்டிய சத்தம் "டப்" என்று சப்பையாக விழுந்தது. கூடவே காதைக் கீறுகிற மாதிரி ஒரு கரகரப்பு. என்னிடம் திரும்பி, "மாப்பிள்ளை, மீட்டர் வச்சிருக்கீங்களா?" என்றார். மாடியில் என் பழைய மல்டிமீட்டர் கிடந்தது. எடுத்து வந்தேன். ஆம்பின் பின்பக்கம் ஸ்பீக்கர் வயர் ஏறும் சிவப்பு, கறுப்பு முனைகளில் கம்பியை வைத்து, ஏசி வோல்ட்டில் போடச் சொன்னார்.

முதலில் பழைய பதிவை, மாமா வழக்கமாகக் கேட்கும் அளவில் வைத்தோம். மீட்டர் 0.9க்கும் 1.2க்கும் நடுவில் ஆடியது. சாதாரண மல்டிமீட்டர் கரண்டின் 50 ஹெர்ட்ஸுக்காகச் செய்தது, இசைக்கு அது காட்டுவது தோராயம்தான். இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி ஸ்பீக்கரின் ஓமால் வகுத்தால் வாட். 1.2 வோல்ட், 6 ஓம் ஸ்பீக்கர். கால் வாட்கூட வரவில்லை. 40 வாட் ஆம்ப் வாங்கி, தினமும் கால் வாட்டில் கேட்டுக்கொண்டிருந்தார். வாட் என்பதே வீண் பேச்சா என்று அந்த நிமிஷம் தோன்றியது. நிறைய பேர் அந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

அண்ணாச்சி நிற்கவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலடியில், பழைய இடத்தில் போட்டார். "அண்ணே, இங்க உக்காருங்க. உங்களுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு வைக்கச் சொல்லுங்க" என்றார். புதிய கச்சேரியை மறுபடி போட்டோம். மாமா உட்கார்ந்து, கூட்டு, இன்னும் கொஞ்சம் கூட்டு என்று கையைக் காட்டினார். மீட்டர் 4 வோல்ட்டைத் தொட்டது. அப்போதுகூட 3 வாட் இல்லை. ஆனால் தவில் முழுக்கவே நொறுங்கியது. அண்ணாச்சி என் பக்கம் குனிந்து சொன்னார்: "கூரை தாழ்வா இருக்கு மாப்பிள்ளை. தவில் எந்திரிக்கும்போது தலை இடிக்கு."

அன்று இரவு அந்த ஒரு வாக்கியத்தை எண்களாக எழுதிப் பார்த்தேன். அச்சு அசலாகப் பொருந்தியது. மீட்டர் காட்டுவது சராசரி. கம்பியில் கணத்துக்குக் கணம் ஓடுவதை அது காட்டாது. தவில் அடி விழும் அந்தச் சில மில்லிசெகண்டில் வோல்ட்டேஜ் சராசரியைப்போல 6, 7 மடங்கு எளிதில் தாவும். 4 வோல்ட் சராசரி என்றால் உச்சி 24லிருந்து 28 வரை. 8 ஓமில் 40 வாட் தரும் ஆம்பால் அலையின் உச்சியை ஏறக்குறைய 25 வோல்ட் வரைதான் தூக்க முடியும். அதற்கு மேல் போக வேண்டிய தலையைச் சீவிவிடும். தலை சீவிய அலையில் 0.005 எங்கே இருக்கும்? அந்த நொடியில் டிஸ்டார்ஷன் பல சதவீதத்துக்குப் போய்விடுகிறது. பழைய காருக்குறிச்சிப் பதிவு கெடாமல் ஒலித்ததற்கும் இதுதான் காரணம். அந்தக் காலத்து இசைத்தட்டில் உச்சிக்கும் சராசரிக்கும் அவ்வளவு தூரம் கிடையாது. அது கூரைக்கு அடியிலேயே நடந்து போய்விட்டது.

"அப்போ பெரிய ஆம்ப் வாங்கணுமா அண்ணாச்சி?" என்றுதான் நான் கேட்டேன். "ஆம்பத் தொடாதீங்க. பொட்டி எவ்வளவு கத்தும்னு தாள்ல போட்டிருப்பானே, அதைப் பாருங்க" என்றார். மடித்து வைத்த தாளைத் தேடி எடுத்தேன். சென்சிடிவிட்டி 84 டெசிபல். 1 மீட்டர் தூரத்தில், 2.83 வோல்ட் கொடுத்தால் வரும் சத்தம் அது. 8 ஓமில் அதுவே 1 வாட். நான் கண்டுகொள்ளாமல் விட்ட எண்.

அவர் அதைத் தெரிந்துவைத்திருந்ததில் ஆச்சரியமே இல்லை. அவர் தொழில் முழுக்க அந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது. கொடைக்குப் பனைமர உயரத்தில் கட்டுகிற குழாய் 1 வாட்டுக்கு 105 டெசிபலுக்கு மேல் கத்தும். மாமாவின் ஸ்பீக்கரைவிட 21 டெசிபல் கூடுதல். டெசிபல் கணக்கில் 10 ஏறினால் வாட் 10 மடங்கு, 20 ஏறினால் 100 மடங்கு. குழாயில் 1 வாட் செய்கிற வேலையை ஷெல்ஃபில் இருந்த அந்தப் பெட்டியிடம் வாங்க 125 வாட்டுக்கு மேல் வேண்டும். அந்தக் காலத்தில் 40 வாட் ஆம்பை வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குக் கேட்கும்படி அம்மன் பாட்டுப் போட்டார் என்றால் அதன் ரகசியம் குழாயில் இருந்தது. அடித்தொனியை முழுக்க விட்டுக்கொடுத்துத்தான் குழாய் அப்படிக் கத்துகிறது, வீட்டுக்கு அது ஆகாது. ஆனால் கணக்கு ஒன்றுதான்.

பெட்டியின் முகப்பில் இல்லாத எண்கள்

ஆம்பை 40இலிருந்து 80 வாட்டுக்கு மாற்றியிருந்தால் மாமாவுக்குக் கிடைத்திருப்பது 3 டெசிபல். சத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதற்கு 400 வாட். அதே 40 வாட்டை வைத்துக்கொண்டு 92 டெசிபல் ஸ்பீக்கருக்கு மாறினால் 8 டெசிபல் சும்மா கிடைக்கிறது. ஆம்பை 6 மடங்கு பெரிதாக்கியதற்குச் சமம். கடைகளில் 60 வாட்டா 80 வாட்டா என்று விலை கூட்டிப் பேசும்போது, ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியை யாரும் கேட்பதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சரி, எல்லா ஸ்பீக்கரையும் 92இல் செய்ய வேண்டியதுதானே? அங்கேதான் இயற்கை குறுக்கே நிற்கிறது. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ் (அடித்தொனி), அதிகச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவதை விட்டே ஆக வேண்டும். இதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். கேஎல்ஹெச் என்ற அமெரிக்க ஸ்பீக்கர் கம்பெனியின் பெயரில் இருக்கும் ஹெச் அந்த ஹாஃப்மன்தான். ஷெல்ஃபில் அடக்கமாக உட்கார்ந்து நல்ல பேஸ் தருகிற பெட்டியை நான் வாங்கினேன். அதற்கான விலை சத்தத்தில் போனது. சின்ன அறையில், 6 அடி தூரத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு அதே பெட்டி அருமையான பெட்டி. குற்றம் பெட்டியில் இல்லை. 13 அடி தள்ளி ஜன்னலடியில் உட்காருகிறவருக்கு அதை வாங்கிக் கொடுத்ததில் இருக்கிறது.

வாட் எண்ணும் எப்படிச் சொல்லப்பட்டது என்று பார்க்காமல் நம்பக்கூடியதல்ல. பிஎம்பிஓ (கணநேர உச்ச வாட்) என்று போட்டு டேப்ரெக்கார்டர் அட்டையில் ஆயிரக்கணக்கில் வாட் அச்சடித்த காலத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அதற்குப் பொதுவான அளவுமுறை எதுவும் கிடையாது. நான் ஆம்ப் கட்டிய 4440 ஐசியின் டேட்டா ஷீட்டில் இருப்பது சேனலுக்கு 6 வாட், இரண்டையும் பிரிட்ஜாகச் சேர்த்தால் 19 வாட். அந்த ஐசி உள்ளே உட்கார்ந்திருக்கும் செட்டின் மேல் என்ன எழுதினாலும் உள்ளே இருப்பது அதுதான். சந்தேகம் வந்தால் செட்டைத் திருப்பி, பின்னால் கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். 60 வாட் இழுக்கும் பெட்டியால் தொடர்ந்து 60 வாட்டுக்கு மேல் வெளியே தர முடியாது.

அமெரிக்காவில் இந்தக் குளறுபடி தாங்காமல் 1974லேயே ஃபெடரல் டிரேட் கமிஷன் என்ற அரசு வணிக அமைப்பு விதி கொண்டுவந்தது. எத்தனை ஓமில், எந்த அலைவரிசையில், எவ்வளவு டிஸ்டார்ஷனோடு அந்த வாட் என்பதையும் சொல்லித்தான் விற்க வேண்டும் என்றார்கள். 50 வருஷம் கழித்து 2024இல் அதை இன்னும் இறுக்கினார்கள். 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், 1 சதவீதத்துக்கு மேல் போகாத டிஸ்டார்ஷன் என்று எல்லோருக்கும் ஒரே தராசு. நம் கடைகளில் இருக்கும் ஹோம் தியேட்டர் ரிசீவர்களை அந்தத் தராசில் வைத்துப் பார்த்தால் தெரியும். முகப்பில் பெரிதாக இருக்கும் வாட்டுக்குக் கீழே, பொடி எழுத்தில், 6 ஓம், 1 கிலோ ஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன், 1 சேனல் மட்டும் ஓடும்போது என்று இருக்கும். 10 சதவீதம் என்றால் அலையின் தலை ஏற்கெனவே சீவப்பட்டாயிற்று. அந்த அளவில் யாராலும் பாட்டுக் கேட்க முடியாது.

அதனால் யாராவது இப்போது என்னிடம் இரண்டு ஆம்பின் படத்தை அனுப்பி எது என்று கேட்டால், முதலில் நாற்காலி எங்கே கிடக்கும் என்று கேட்கிறேன். அப்புறம் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி. அப்புறம் அந்த ஸ்பீக்கர் எத்தனை ஓம், ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறும் அந்த ஓம் 4க்குக் கீழே இறங்கும் இடம் உண்டா, ஆம்ப் அதைத் தாங்குமா. 8 ஓமுக்கு மட்டும் வாட் போட்டுவிட்டு 4 ஓமைப் பற்றிப் பேசாத ஆம்ப் என்றால் கொஞ்சம் யோசிப்பேன். பூஜ்யத்துக்குப் பிறகு எத்தனை பூஜ்யம் என்று இப்போதெல்லாம் பார்ப்பதே இல்லை.

மறுபடியும் ஜன்னலடியில்

மாமாவிடம் உண்மையைச் சொன்னேன். நான் தவறாக வாங்கிக் கொடுத்துவிட்டேன், ஆம்ப் இருக்கட்டும், ஸ்பீக்கரை மாற்றலாம் என்றேன். "எதுக்கு மாப்பிள்ளை வீண் செலவு? நான்தான் நாற்காலிய முன்னால போட்டுக்கிட்டேனே" என்றார். அவர் செய்ததையும் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். 13 அடியிலிருந்து 5 அடிக்கு வந்தால் ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலி 8 டெசிபல் கூடுகிறது. சுவர்களில் பட்டுத் திரும்புவதையும் சேர்த்தால் ஹாலுக்குள் வித்தியாசம் அதைவிடக் குறைவுதான். ஆனாலும் எந்தத் தாளையும் படிக்காமல், தனக்கு எவ்வளவு குறைகிறது என்பதைத் தன் காலாலேயே அளந்து அவர் நாற்காலியைப் போட்டிருந்தார்.

ஷெல்ஃப் ஸ்பீக்கர் இப்போது என் அறையில், என் மேஜை மேல் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்க அது மிக நன்றாக இருக்கிறது. மாமாவுக்குத் தரையில் நிற்கும் பழைய ஜோடி ஒன்று மதுரையில் கைமாற்றாகக் கிடைத்தது. 92 டெசிபல். உயரம் இடுப்பு வரை வரும், ஹாலில் இடத்தை அடைக்கும். அத்தைக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆனால் மாமாவுக்காக ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலுக்குக் கனமான திரை ஒன்றும் தைத்துப் போட்டார்.

பொருத்திய அன்று அண்ணாச்சியையும் கூப்பிட்டிருந்தோம். அதே ஆம்ப், அதே கச்சேரி. மாமா ஜன்னலடியில் உட்கார்ந்து முன்பு போலவே கையைக் காட்டினார், அவர் போதும் என்ற இடத்தில் நான் மீட்டரை வைத்தேன். 1.6 வோல்ட். அன்றைக்கு 4 தேவைப்பட்ட அதே சத்தம். தனி ஆவர்த்தனம் ஏறி உச்சிக்குப் போனபோது மூன்று பேரும் பேசவில்லை. மாமாவின் வலது கை வால்யூம் பக்கம் போகவில்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.